ஊதினால் கண் சிமிட்டாத பிள்ளை

கம்பம் பள்ளத்தாக்கில் நான் சிரிக்க வைக்காத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. கூடலூரிலிருந்து சின்னமனூர் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வேண்டாம், கேட்டுவிடாதீர்கள். பொய்தான் சொன்னேன். பாதிப் பிள்ளைகள் என் மூஞ்சியைப் பார்த்ததுமே அழுகின்றன. என் சொந்த மகளே, நான் ஒரு கதையை எடுத்தால், "அத்தா, கரண்டு போயிருச்சு, வெளிய போயி பாருங்க" என்று துரத்திவிடுவாள். கரண்டு இருக்கும்.

ஆனாலும் எனக்குச் சம்பளமே அதற்குத்தான். கம்பத்தில் ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. ஸ்ட்ரெச்சர் தள்ளுவேன். மருந்து வாங்கி வருவேன். எக்ஸ்ரே எடுக்கும்போது பிள்ளை ஆடாமல் பிடித்துக்கொள்வேன். கதிர் மேலே படாமலிருக்கக் கனமாக ஒரு ஈய அங்கி தருவார்கள். அதை மாட்டிக்கொண்டு நான் நடந்து வந்தால் பிள்ளைகள் சிரிக்கும், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போகும். என் படிப்பு மூன்றாம் வகுப்பு. டீச்சருக்கு மாற்றல் வந்தது, அவர் போனார். எனக்கும் சேர்த்துத்தான் வந்தது என்று நினைத்து நானும் போய்விட்டேன்.

அந்தப் பிள்ளையை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை. பள்ளிவாசலில்.

அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை முடிகிற நேரத்துக்கு எங்கள் பள்ளிவாசல் முன்னால் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். எல்லாச் சாதிக்காரர்களும் வருவார்கள். தூக்கத்தில் திடுக்கிடுகிற பிள்ளை, சோறு இறங்காத பிள்ளை, காரணமில்லாமல் வீறிடுகிற பிள்ளை. தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஓதி, முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். பெரியவர்கள் ஊதினால் அதில் ஓதினது இருக்கும். நான் ஊதினால் பீடி வாசம்தான் கூட இருக்கும். சில பிள்ளைகள் அதற்கே தெளிந்துவிடும்.

அன்றைக்கு அந்த அம்மாவும் வரிசையில் நின்றது. நெற்றியில் பொட்டு, தலையில் ஏலத்தோட்டத்துக்குக் கட்டிப் போகிற துண்டு, அவிழ்க்கக்கூட நேரமில்லாமல். இடுப்பில் ஒரு பெண் பிள்ளை, மூன்று வயசு மதிக்கலாம். என் முறை வந்தது. ஊதினேன்.

முகத்தில் ஊதினால் எந்தப் பிள்ளையும் கண்ணைச் சுருக்கும். இல்லை, தலையைத் திருப்பும். ரோசக்காரப் பிள்ளையாக இருந்தால் திருப்பி நம் மேல் எச்சில் தெறிக்க ஊதும். இந்தப் பிள்ளை கண்ணைச் சிமிட்டவே இல்லை. நான் இன்னொரு தடவை கொஞ்சம் பலமாக ஊதினேன். நெற்றி முடி பறந்தது. கண் அப்படியே திறந்திருந்தது. கண்ணாடியில் ஊதினாலாவது ஆவி படியும். இதில் ஒன்றும் படியவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன், பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தது. கையில் தொப்பி வைத்திருந்தேன். தலையில் மாட்டுவதற்குக் கையைத் தூக்கினால், கண் கையோடு மேலே வந்தது. கையைக் கீழே போட்டால் கீழே வந்தது. முகம் அசையவே இல்லை.

"எஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கிருந்து இப்படித்தான் பாய்" என்றது அந்த அம்மா. "பேச்சு நின்னு போச்சு. மேல பனிக்குள்ள என்னத்தையோ பாத்திருக்கு. பயந்துருச்சு."

என் பக்கத்தில் நின்ற பெரியவர், "மலைக்காத்து அடிச்சிருக்கு ஆத்தா. தண்ணி ஓதித் தாரேன், குடிக்கக் குடு" என்றார். நானும் பெரிய ஆள் மாதிரித் தலையை ஆட்டி, "கொஞ்ச நாளைக்குக் கத்திரிக்கா குடுக்காதீக" என்றேன். கத்திரிக்காய்க்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அம்மா மட்டும் அதை நெஞ்சில் குறித்துக்கொண்டது போலத் தலையாட்டியது.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் பைக்கில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் லேசாக இருமினார். சும்மா, தொண்டையைச் செருமுகிற மாதிரி. பிள்ளையின் உடம்பில் எதுவும் அசையவில்லை. கால்விரல்கள் மட்டும் பத்தும் உள்பக்கமாக மடங்கி, அம்மாவின் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டன. நான் பார்த்தேன். குளிரில் நடுங்குது போல என்று நினைத்தேன். அது சித்திரை மாசம்.

அடுத்த வாரம் ஒரு நண்பகலில் அந்த அம்மா, பிள்ளை, பைக்கில் இருமினவர் மூவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பிள்ளைக்கு இடது முழங்கை வீங்கியிருந்தது. அந்த அம்மா என்னைக் கண்டதும், "பாய், நீங்க இங்கனதான் வேலை பாக்கீகளா?" என்றது. கத்திரிக்காய் வைத்தியர் எக்ஸ்ரே ரூம் வாசலில் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை போய்விடும்.

பைக்கில் உட்கார்ந்திருந்தவர்தான் அப்பா. வெள்ளைச் சட்டை, சீவின தலை, நல்ல களையான முகம். நான் வழக்கம்போல, "அண்ணே, பிள்ளைக்கு வைத்தியமா, உங்களுக்கா? நீங்கதான் மெலிஞ்சு போயிருக்கீக" என்று எடுத்துவிட்டேன். நான் முடிப்பதற்கு முன்னாலேயே சிரித்தார். என் ஆயுசில் அப்படி ஒரு ஆள் கிடைத்ததில்லை. எதைச் சொன்னாலும் சிரித்தார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார மாட்டாரா என்று எனக்கு ஆசையாகவே இருந்தது.

டாக்டரம்மா பிள்ளையையும் அம்மாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் கதவோரம். பிள்ளையை மேசைமேல் உட்கார வைத்தார்கள். வைத்தது வைத்தபடி இருந்தது. நர்சம்மா, குமுளிக்கு அந்தப் பக்கத்து மலையாளத்து ஆள், "வா மோளே, கை காட்டு" என்று நல்ல கையைத் தூக்கிப் பிடித்துவிட்டு, வேறு வேலையாகத் திரும்பிவிட்டார். அவர் விட்ட இடத்திலேயே அந்தக் கை நின்றது. அந்தரத்தில். யாரும் பிடிக்காமல். நர்சம்மா திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல அதை இறக்கி மடியில் வைத்தார். அதற்கப்புறம் அவர் "மோளே" என்று கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது.

டாக்டரம்மா தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். பிள்ளை அந்தக் கைகளையே பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கில் நழுவின கண்ணாடியைச் சரி செய்ய அவர் ஒரு கையை உயர்த்தினார். அவ்வளவுதான். பிள்ளை இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தது. அழவில்லை, ஒதுங்கவில்லை. வரப் போவதற்காகக் காத்திருந்தது.

வெளியே அப்பா இருமினார். கால்விரல்கள் மடங்கின.

டாக்டரம்மாவும் அதைப் பார்த்தார். அவருக்குக் குளிர் என்று தோன்றவில்லை.

என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாய், அவங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுங்க. நான் ஆள் அனுப்புற வரைக்கும் வர வேணாம்" என்றார்.

"எதுக்கும்மா?"

"டீக்குத்தான்."

எனக்குப் பெருமையாகிவிட்டது. இத்தனை வருசத்தில் டாக்டரம்மா என் வாய்க்கு மரியாதை கொடுத்தது அன்றைக்குத்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தோம். "கை எப்படிண்ணே இப்படியாச்சு?" என்றேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"தொட்டில்ல ஆடிக்கிட்டே இருந்து விழுந்துருச்சு பாய். அவ விடிய முன்னாடியே தோட்டத்து ஜீப்புக்குப் போயிருவா, பொழுது சாயத்தான் வருவா. பகல் பூராம் நானும் அதுவும்தான். எங்க வீட்டுல நான்தான் ஆத்தா!" அவரே சொல்லி அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

"சேட்டை பண்ணுமோ?"

"அதா? நில்லுன்னா நிக்கும் பாய். அவ வந்து உக்காருன்னு சொல்ற வரைக்கும் நிக்கும். அசையாது. ஊருக்குள்ள இப்படி ஒரு பிள்ளையக் காட்டுங்க பாப்போம்."

"அப்படியா! எம்மகள நாலு நாள் உங்க வீட்டுல கொண்டாந்து விடுறேன்ணே. வீடே ரெண்டாகுது."

"விடுங்க பாய். திருத்தி அனுப்புறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். டீக்கடைக்காரரும் சிரித்தார். அந்தக் கடையில் நான் இப்போது டீ குடிப்பதில்லை.

நாங்கள் அங்கே சிரித்துக்கொண்டிருந்தபோது உள்ளே என்ன நடந்தது என்பதை நர்சம்மா பின்னால் சொன்னார். டாக்டரம்மா அவசரப்படவே இல்லையாம். சட்டையை ஒரேயடியாகக் கழற்றாமல், ஒரு பக்கம் பார்த்து மூடிவிட்டு, அடுத்த பக்கம் பார்த்தாராம். முட்டியில் இருந்த சிராய்ப்பைப் பெரிதாக எடுக்கவில்லை, ஓடுகிற பிள்ளைக்கு அங்கே இருக்கத்தான் செய்யும். காதை மடக்கிப் பின்பக்கம் பார்த்தார். மேலுதட்டைத் தூக்கி உள்பக்கம் பார்த்தார். கையின் உள்பக்கச் சதையைப் பார்த்தார். விழுகிற பிள்ளைக்கு அடிபடாத இடங்கள் அவை. எல்லா இடத்திலும் காயம் இருந்தது. வயிற்றில் வட்டமாக ஒரு பழைய தழும்பு. "காமாலைக்குச் சூடு போட்டோம், பச்சப் பிள்ளையில" என்றதாம் அந்த அம்மா. அதைத் தனியாகக் கணக்கில் வைத்தார். முதுகில் வேறு மாதிரி இருந்தது. வயரை இரண்டாக மடித்தால் முனை எப்படி வளையுமோ, அந்த வளைவில்.

நான் பிறகொரு நாள் அறிவாளி மாதிரி, "காயம் பச்சையா இருந்தா பழசு, ஊதாவா இருந்தா புதுசு, அப்படித்தானேம்மா?" என்று கேட்டேன். "நிறத்த வச்சு நாள் சொல்ல முடியாது பாய். அப்படிச் சொன்னா அது குறி சொல்ற மாதிரி" என்றார். அன்றைக்கே ரத்தம் எடுத்தும் அனுப்பினார். ரத்தம் உறையாத வியாதி இருந்தாலும், எலும்பு சத்தில்லாமல் இருந்தாலும் இப்படி வருமாம். ஒரு மனுசன்மேல் பழி விழுவதற்கு முன்னால் அதையெல்லாம் பார்க்க வேண்டுமாம்.

டீக்கடைக்கு ஆள் அனுப்பி என்னை எக்ஸ்ரேக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளை ஆடாமல் இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! இந்தப் பிள்ளையைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. திருப்பினால் திரும்பியது, படுக்க வைத்தால் படுத்தது. ஈய அங்கிக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. கம்ப்யூட்டர் திரையில் வெள்ளையாக அதன் எலும்புகள் வந்தன. முழங்கைக்கு மேல் புதுசாக ஒரு விரிசல். பின்பக்க விலாவில் சின்னச் சின்னதாய் முடிச்சுகள், கயிற்றில் போட்டது மாதிரி. "அது என்னம்மா?" என்றேன். "முன்னாடி உடைஞ்சு, தானாக் கூடுனது" என்றார் டாக்டரம்மா. யாருக்கும் தெரியாமல் உடைந்து, யாருக்கும் தெரியாமல் கூடியிருக்கிறது. திரையில் அந்த விலாக்கள் லேசாகச் சிரிப்பது போலக்கூட இருந்தன. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அப்பாவை அறைக்குள் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். சாதாரணமாக, "எப்படிங்க விழுந்துச்சு?" என்றார்.

"மாடிப்படியில உருண்டுருச்சு டாக்டர்."

என் வாய் இருக்கிறதே. கூடப் பிறந்த சனியன். "அண்ணே, டீக்கடையில தொட்டில்னீக?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். சத்தியமாகத் தமாசுக்குத்தான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில், நானே மேசைமேல் ஏறிப் படுத்து எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த அப்பா சிரித்தார். "ரெண்டும்தான் பாய்." பிறகு எழுந்தார். "சரி டாக்டர், கட்டுக்கட்டுறத நாங்க தேனியில பாத்துக்கிறோம். ஏய், கிளம்பு." பிள்ளைக்கு முன்னால் போய் நின்றார். பிள்ளை தானாகவே இரண்டு கைகளையும் தூக்கியது, வீங்கின கையையும் சேர்த்து. தூக்கிக்கொள்ளச் சொல்லி வருகிற ஆசைக் கையில்லை அது. பழக்கத்தில் உயர்கிற கை.

இப்போது அவர் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும்கூட.

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. பழி ஒன்றும் சொல்லவில்லை. "முழங்கை வீக்கம் கூடுனா விரலுக்கு ரத்தம் போகாது. பிள்ளை கை போயிரும். ராத்திரி பூராம் பாத்தாகணும். இன்னிக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். அது பொய்யும் இல்லை, நிஜமாகவே அப்படித்தானாம். சொல்லிக்கொண்டே எழுந்து வந்து பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார், ஏதோ கட்டுத் துணி எடுக்க வந்தவர் மாதிரி.

"ஏய், கிளம்புன்னு சொன்னேன்ல?" என்றார் அவர் மனைவியிடம். குரலில் சிரிப்பு அப்படியே இருந்தது.

அந்த அம்மா பிள்ளையின் உயர்ந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இருந்துட்டு வாறேன்" என்றது. வாறேன் என்றுதான் சொன்னது. ஆனால் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தது.

அவர் போய்விட்டார். போகும்போது என்னிடம், "பாத்துக்கங்க பாய்" என்றார்.

அதற்கப்புறம் டாக்டரம்மா போன் போட்டார். இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமாம். பிள்ளைகள் நலத்தைப் பார்க்கிறவர்கள் வந்தார்கள், போலீசும் வந்தது. வந்தவர்களில் ஒரு அம்மா பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து வெகு நேரம் எதுவுமே கேட்காமல் பொம்மையை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்து, பொம்மையை என் மூக்கில் ஒட்டிக் காட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்கள். அந்தத் துறையில் எனக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை.

பெற்றவளிடம் டாக்டரம்மா தனியாகப் பேசினார். நான் தண்ணீர் கொண்டுபோனபோது அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தது.

"நான்தான் டாக்டர், பனியில என்னத்தையோ பாத்துருச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன். பள்ளிவாசல்ல நின்னேன், தாயத்துக் கட்டுனேன். மலைக்குப் போன அந்த ஒரு நாளுதான் அது பகல் பூராம் எங்கூட இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஏலக்காய எண்ணி எண்ணி எம்மடியில போட்டுச்சு. சாயந்தரம் ஜீப்பு கீழ இறங்கும்போதுதான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அப்படி அழுதுச்சு. கூட வந்தவுகளும், காட்டுல எதையோ கண்டு பயந்துருச்சு, சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டு போன்னு சொன்னாக. நானும் ஓடுனேன் டாக்டர். வீட்டுக்கு ஓடுனேன்."

டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பள்ளிவாசல் முன்னால் இத்தனை வருசமாக எத்தனை முகத்தில் ஊதியிருப்பேன் என்று ஒரு யோசனை வந்தது. மேலே அதை யோசிக்க விடவில்லை, வேறொரு பிள்ளை பல்புக்குள் என்ன இருக்கு என்று கேட்டது.

கீழே ஸ்ட்ரெச்சர் ஓரமாக உட்கார்ந்து நான் இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அம்மாவும் பிள்ளையும் இங்கேதான் மாடியில் இருக்கிறார்கள். ரத்தத்திலும் எலும்பிலும் வியாதி எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. கை சரியானதும் காமயகவுண்டன்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. பெற்றவள் மனசு மாறி அந்த ஆளோடு போய்விடுமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். போலீஸ் அவரைக் கூப்பிட்டு விசாரித்து, பிள்ளை பக்கம் போகக் கூடாது என்று எச்சரித்து அனுப்பியிருந்தது. அப்படியிருந்தும் நேற்று மத்தியானம் வந்துவிட்டார்.

பன்னீர் திராட்சை ஒரு பை. அதே வெள்ளைச் சட்டை. கேட்டுக்கு வெளியே நின்று, "பாய், ஒரு தமாசு சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "அவகிட்டக் கேட்டுட்டு வாங்க, வர்றாளா இல்லையான்னு. நான் இங்கனயே நிக்கிறேன்."

மாடிக்கு ஓடினேன். நர்சம்மா கேட்டதுமே, "சேட்டா, ஆள அங்கன நிப்பாட்டுங்க, நான் போலீசுக்குச் சொல்றேன்" என்று போனை எடுத்தார். கட்டிலில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. கை ஒரு நொடி நின்றது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தோம். அப்புறம் அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டே, "வரலைன்னு சொல்லிருங்க பாய். இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல" என்றது.

கீழே வந்து அப்படியே சொன்னேன். என் குரல் எனக்கே கிளி பேசுகிற மாதிரி இருந்தது. அவர் கோபப்படவில்லை. திராட்சைப் பையைக் கேட்டுக் கம்பியில் மாட்டினார். "சரி பாய், இன்னிக்கு நான் ஒண்ணு சொல்றேன், நீங்க சிரிங்க" என்று ஆரம்பித்தார். அவருக்கு அப்போது பிள்ளை வயசாம். அவருடைய அப்பா ஒரு நாள் உச்சி வெயிலில் அவரைத் திராட்சைப் பந்தலுக்குக் கூட்டிப் போய், கல்தூண் ஓரமாக நில்லு என்று சொன்னாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எந்த இடத்தில் நான் சிரிக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அப்பா அந்தப் பக்கம் மோட்டார் ரூமுக்குள் போய், எதையோ கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, இவரிடம்—

"சேட்டா! ஓ சேட்டா! எழுதினது மதி, போதும், மேல வாங்க! ஊசி போடப் போனா இந்த மோள் என் கையக் கடிச்சு வச்சிருச்சு! விட மாட்டேங்குது, கட்டிலுக்கு அடியில போயி உக்காந்துக்கிட்டு காலால உதைக்குது! ஓடி வாங்க!"

கடித்துவிட்டதாம். இதோ வருகிறேன் நர்சம்மா.